குறை எனக்குத்தான் என்றார்

ஜூன் 9, திங்கள்

இன்றிலிருந்து எந்த முயற்சியும் கூடாது. பெனிட்டா அப்படித்தான் சொன்னார்.

மருத்துவமனையின் பின்பக்கத்தில் அவருடைய அறை. வாசலில் பிசியோதெரபி என்று மட்டும் பலகை. கால் முறிந்தவர்களும் கழுத்துப்பட்டை போட்டவர்களும் உட்கார்ந்திருந்த வரிசையில் நானும் நவநீதனும். எங்களுக்கு எது முறிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கல்யாணமாகி இரண்டு வருடம். ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்காமல் என் உடம்பு முடிவெடுத்துவிடும். தொடை இறுகும், மூச்சு நிற்கும், வழி மூடிக்கொள்ளும். சுவரில் மோதுவது போல இருக்கிறது என்று நவநீதன் ஒரு தடவை சொல்லிவிட்டார். அந்த வார்த்தைக்காகப் பல நாள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். இதற்கு வஜைனிஸ்மஸ் என்று பெயர். பெயர் என்று ஒன்று இருப்பதே ஆறுதலாக இருந்தது.

பெனிட்டா தன் விரலை என் கண்ணருகே கொண்டுவந்தார். இமை மூடியது.

"இப்ப உங்க இமையைத் திட்டுவீங்களா?"

"இல்ல."

"அப்ப இதையும் திட்டாதீங்க. பயத்துல மூடிக்குது. பயம் போகணும், அவ்வளவுதான். அதுவரைக்கும் ரெண்டு பேரும் முயற்சியே பண்ணக் கூடாது. தொடலாம், பேசலாம், சிரிக்கலாம். அது ஒண்ணைத் தவிர எல்லாம். அப்புறம், கணக்கு வச்சுக்காதீங்க. எத்தனை நாள், எத்தனை தடவைன்னு எழுதி வைக்கிறவங்கதான் எங்கிட்ட அழுதுட்டு வர்றாங்க."

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள். அதை அவரிடம் சொல்லவில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் நவநீதன் வண்டியை வெளியே எடுத்தார். ஹெல்மெட்டை மாட்டப் போனவர், "அப்ப லீவு விட்டுட்டாங்க" என்றார்.

"என்ன லீவு?"

"மழைக்கு ஸ்கூலுக்கு விடுவாங்கல்ல, அந்த மாதிரி."

வண்டிகளுக்கு நடுவே நின்று சிரித்தோம். டோக்கன் கொடுக்கும் பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 10, செவ்வாய்

இட்லி மாவு புளித்துவிட்டது. நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 15, ஞாயிறு

முதல் பயிற்சி. இருவரும் உடுத்திய உடையோடு, மாறி மாறி, ஒருவர் மற்றவரின் கையையும் தலையையும் பாதங்களையும் மட்டும் தொட வேண்டும். தொடுகிறவர் பேசலாம். தொடப்படுகிறவர் "போதும்" என்றால் உடனே நிறுத்த வேண்டும். "போதும்" என்று சொல்லிப் பார்ப்பதும் பயிற்சிதான்.

நவநீதன் சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் நிறம் பார்க்கிறார். வாங்குகிறவன் அனுப்பிய துண்டுத் துணியின் நிறத்துக்கு நூலிழை பிசகாமல் சாயம் சேர்க்கும் வேலை. நகக்கண்களில் எப்போதும் ஒரு நீலம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எலுமிச்சைத் தோலில் உப்பைத் தொட்டு நகம் நகமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். நீலம் போகவில்லை.

"பரவால்லீங்க மாமா, வாங்க" என்றேன்.

கல்யாணமான புதிதில் அவரை மாமா என்று கூப்பிட எனக்கு வெட்கம். கூப்பிடச் சொன்னது அத்தை, அவருடைய அம்மா. முதலில் கேலியாகத்தான் கூப்பிட்டேன். எப்போது கேலி போயிற்று என்று தெரியவில்லை.

அவருடைய இடது பாதத்தில் ஒரு மரு இருக்கிறது. இரண்டு வருடமாக எனக்குத் தெரியாது.

ஜூன் 22, ஞாயிறு

இன்று குழாய். டைலேட்டர் என்கிறார் பெனிட்டா; உள்ளே வைத்துப் பழகுவதற்கு. வழவழப்பானது. சுண்டுவிரல் அளவில் தொடங்கி ஒன்றைவிட ஒன்று சற்றே பெரிது. வீட்டில் வைத்துப் பூட்ட ஓர் அலமாரி இல்லாததால் சேவை மாதிரி சந்தகை பிழியும் அச்சு வந்த அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறோம்.

நான் படுக்கையறையில் தனியாக. அவர் கதவுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தார். அதுதான் ஏற்பாடு. நான் மூச்சை விடும்போது சத்தம் போட்டு விட வேண்டும். அவரும் அந்தப் பக்கம் அதே மாதிரி விடுவார்.

வலி இல்லை. வலி வரப்போகிறது என்பது மட்டும் இருந்தது. பிறகு அதுவும் கொஞ்ச நேரம் இல்லை.

கதவைத் திறந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. "வெங்காயம்" என்றார். தட்டில் உரித்த வெங்காயம் கைப்பிடிகூட இல்லை.

ஜூலை 5, சனி

அத்தை வந்திருந்தார். கோபி பக்கத்துக் கிராமத்திலிருந்து, பையில் முருங்கைக்காயும் கோயில் எலுமிச்சையும். வந்ததும் நேரே சமையலறை.

"கண்ணு, அந்தச் சந்தகை அச்சை எடு. அவனுக்குச் சந்தகைன்னா உசுரு."

நவநீதன் ஓடி வந்தார். "அம்மா, அது ஒடஞ்சு போச்சு. தோசை போதும்."

"பொட்டி மேல இருக்குதேடா?"

"பொட்டி மட்டுந்தான் இருக்குது."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். அன்றைக்கு அதுதான் கடைசிச் சிரிப்பு.

நான் தோசை ஊற்றினேன். அவர் சாப்பிட உட்கார்ந்தார். அத்தை என் முதுகைத் தடவிவிட்டுச் சொன்னார்: "எளச்சுப் போயிட்டே கண்ணு. விசேசம் ஏதாச்சும் உண்டுமான்னு ஊர்ல கேக்காத ஆளில்ல. திங்கக்கெழம எங்கூட வா. கோபியில கைராசியான லேடி டாக்டரு இருக்கறாங்க. படுக்க வெச்சுப் பாத்தாங்கன்னா ஒடனே சொல்லிப் போடுவாங்க."

படுக்க வைத்துப் பார்ப்பார்கள். அடுப்பைக் கூட்டி, மறுபடி குறைத்தேன்.

"அவளுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார் நவநீதன். "டெஸ்ட் எல்லாம் எடுத்துப் பாத்தாச்சு. குறை எனக்குத்தான்."

நான் தோசையைத் திருப்பிப் போட்டேன்.

அத்தை மெல்ல உட்கார்ந்தார். "என்றா சொல்ற?"

"மருந்து சாப்பிடறேன். சரியாயிரும். அவளை எங்கயும் கூட்டிட்டுப் போக வேண்டாம்."

அடுத்த தோசைக்கு மாவு ஊற்றினேன். வட்டமாக வந்தது.

ஜூலை 6, ஞாயிறு

அத்தை காலை பஸ்ஸில் போய்விட்டார்.

"ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?"

"பொம்பளைக்குன்னா டாக்டரு, சாமியாருன்னு இழுத்துட்டே இருப்பாங்க சுபா. ஆம்பளைக்குன்னா கவுரவம் பாத்து மூடி வெச்சுருவாங்க. அதோட முடிஞ்சுது பாரு."

நியாயமாகத்தான் பட்டது. மத்தியானம் நன்றாகத் தூங்கினேன். இதை எழுதத் தேவையில்லை.

ஜூலை 14, திங்கள்

அத்தை பஸ் டிரைவரிடம் பொட்டலம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். முருங்கைப் பிசின், கறுப்பு உளுந்து மாவு, ஒரு டப்பா லேகியம். லேகியத்தை ஊர் வைத்தியரிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். ஆக வைத்தியருக்குத் தெரியும்.

உளுந்து மாவை உருண்டை பிடித்து இரண்டு பேரும் தின்றோம். "உனக்கும் வீரியம் வந்துரப் போகுது, பாத்து" என்றார் நவநீதன். பயிற்சி முடிந்ததும் குழாயை அவரே சோப்புப் போட்டுக் கழுவி, வெள்ளைத் துணியில் துடைத்து, பெட்டியில் வைத்தார். டம்ளர் கழுவி வைக்கிற மாதிரி.

ஜூலை 27, ஞாயிறு

எழுத முடியாத அளவுக்கு நல்ல நாள். ஆனாலும் எழுதுகிறேன், பிறகு நம்ப மாட்டேன் என்பதால்.

இப்போது கதவு கிடையாது. அவர் பக்கத்திலேயே இருக்கிறார். பெனிட்டா சொன்னபடி இன்று குழாய்க்குப் பதில் அவர் விரல். நிறுத்து என்று நான் சொல்லுமுன்பே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. நிறத்தில் மயிரிழை வித்தியாசம் பார்க்கிறவர் அல்லவா. ஜன்னலுக்கு வெளியே யாரோ அரிசி மாவு அரைத்துக்கொண்டிருந்தார்கள். கிரைண்டர் சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்டிருக்காது. வலியில் அழவில்லை.

பிறகு அவர் என் வயிற்றில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு பட்டறைக் கதை சொன்னார். லேப் உதவியாளர் மிளகாய்ப்பொடி டப்பாவைச் சிவப்புச் சாயம் என்று எடுத்த கதை. எத்தனையோ முறை கேட்டதுதான்.

லீவு முடியவே வேண்டாம் என்று தோன்றியது. அவரிடமும் சொன்னேன்.

"எனக்கும்" என்றார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஊருக்குப் போனோம். ஆற்றங்கரையில் சொந்தக்காரர்கள் எல்லாரும் கட்டுச்சோற்றோடு வந்திருந்தார்கள். நான் பெண்களோடு. அவர் ஆண்களோடு, கொஞ்சம் தள்ளி மரத்தடியில். பேச்சு நன்றாகக் கேட்டது.

"மாப்ள, அந்தச் சாயப்பட்டறைச் சூடு ஆகாதுடா. பாய்லருக்குப் பக்கத்துலயே நின்னா எல்லாம் வெந்து போகும்." அவருடைய பெரிய மாமா.

"பாய்லர் வேற பக்கம் இருக்குது மாமா."

"அப்பறம் எதுனால வெந்துச்சு?"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியாது. புதிது.

என் அருகே இருந்த அவருடைய சித்தி என் கையைப் பிடித்து, "நீ நல்ல பொண்ணு, பொறுத்துக்கிட்டு இருக்கறே" என்றார். தண்ணீர் குடித்தேன்.

ஆற்றிலிருந்து வீட்டுக்கு அத்தை செருப்பில்லாமல் நடந்தார். தார் ரோடு கொதித்தது. மறந்துவிட்டு வந்திருப்பார்.

திரும்பும்போது வண்டியில் அவர் முதுகில் சாய்ந்துகொண்டேன். வழக்கமாக ஒரு கையால் என் முழங்காலைத் தட்டுவார். சாலை மோசமாக இருந்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அவருக்கு ஓவர்டைம். பயிற்சியை நானே செய்துகொண்டேன். அடுத்த அளவுக்குப் போயாயிற்று.

ஆகஸ்ட் 20, புதன்

ஓவர்டைம். பருப்பு தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நவநீதனின் தங்கை மகளுக்குக் காதுகுத்து. அவர்கள் குலதெய்வக் கோயிலில்.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அதற்காகவே அவர் பட்டுக்கரை வேட்டி எடுத்திருந்தார். தோடு வாங்க நகைக்கடையில் ஒரு சாயங்காலம் முழுக்க நின்றோம். குழந்தையின் காது சின்னது, கனம் தாங்காது என்று திரும்பத் திரும்ப மாற்றினார். அவளுக்கு இவர் என்றால் உயிர். மாமா என்று வாயில் வராது; "மம்மா" என்று இவரைத்தான் கூப்பிடுவாள்.

பலகை போட்டாயிற்று. அவர் வேட்டியை மடித்துவிட்டு உட்காரப் போனார். தங்கையின் மாமியார் வந்து குரலைத் தாழ்த்தினார். யாருக்கும் கேட்காதபடிதான் பேசினார். எல்லாருக்கும் கேட்டது.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. கொழந்த பெத்த மாமன் மடியில வெச்சாத் தேவலைன்னு எங்க பக்கத்துல ஒரு நெனப்பு. உங்க பெரியம்மா பையனும் மாமன் மொறதானுங்களே. நீங்க தட்டப் புடிச்சுக்கங்க."

தங்கை தரையைப் பார்த்தாள். அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தார். நவநீதன் அவர் தோளைத் தொட்டு, "அதனால என்னங்க, செந்தூரன் உக்காரட்டும்" என்று விலகிக்கொண்டார்.

பெரியம்மா மகன் செந்தூரன் மடியில் குழந்தை. பக்கத்தில் இவர், தோடு வைத்த தட்டோடு. ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் அலறினாள். இரண்டு கைகளையும் இவரை நோக்கி நீட்டினாள். "மம்மா, மம்மா."

தட்டைக் கீழே வைக்கக் கூடாதாம்.

நான் பெண்கள் வரிசையில் நின்றிருந்தேன். யாரோ பூக்கூடையைக் கொடுத்தார்கள். எல்லாருக்கும் பூக் கொடுத்தேன். ஒருவரையும் விட்டுவிடவில்லை.

செப்டம்பர் 6, சனி

கடைசி அளவும் முடிந்தது. பெனிட்டா என் தோளைத் தட்டினார். "இனி உங்க ரெண்டு பேர் இஷ்டம். அவசரம் இல்ல. அவர் ஏன் வரல?"

"வேலை."

வரும் வழியில் மைசூர்பாகு வாங்கினேன். அவரிடம் சொன்னேன். "நல்லது சுபா. ரொம்ப நல்லது" என்றார். என் தலையில் கை வைத்தார். பிறகு பாத்திரம் கழுவப் போனார். இன்று என் முறை.

செப்டம்பர் 14, ஞாயிறு

மத்தியானம் மழை.

என் உடம்பு மூடிக்கொள்ளவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். பயம் வந்தது, மூச்சை விட்டேன், போய்விட்டது. மழைச் சத்தம் கேட்டது. அவர் தோளில் சாய நெடி. எல்லாமே தெரிந்தது. இதற்கு முன்பெல்லாம் எனக்கு ஒன்றுமே தெரியாது.

அவரால்தான் முடியவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்தோம். பிறகு எழுந்து உட்கார்ந்தார். "வேலை ஜாஸ்தி. டயர்டு."

"பரவால்லீங்க மாமா."

"ம்."

"நெசமாலுமே பரவால்ல."

"அம்மாகிட்டச் சொன்னது நெசமாயிருச்சு பாரு" என்று சிரித்தார். ஆற்றங்கரையில் சிரித்தாரே, அந்தச் சிரிப்பு.

மழை விட்டதும் துணிகளை மறுபடி மொட்டை மாடியில் போட்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பெனிட்டா அவரையும் கூட்டிவரச் சொன்னார். மனசுதான், பேசினால் சரியாகிவிடும், நிறையப் பேருக்கு வருவதுதான் என்றார்.

அவர் வர மாட்டேன் என்கிறார். "எனக்கு என்ன? எனக்கு ஒண்ணும் இல்ல."

எனக்கும் அதுதானே தெரியும். அவருக்கு ஒன்றும் இல்லை என்பது எனக்கு மட்டும்தானே தெரியும்.

செப்டம்பர் 27, சனி

இரண்டு பேரும் கட்டிலின் இரண்டு ஓரம். நடுவில் யாரோ படுத்திருப்பது போல இடம். லேகிய டப்பா பாதி காலியாகியிருக்கிறது. நான் பார்க்காதபோது சாப்பிடுகிறார்.

அக்டோபர் 4, சனி

அவரிடம் சொல்லாமல் ஊருக்குப் போனேன். அவர் வேலைக்குக் கிளம்பியதும் பஸ் ஏறினேன்.

அத்தை வாசலில் பச்சைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். "என்ன கண்ணு திடீர்னு? அவன் வல்லியா?" நானும் உட்கார்ந்து உரித்தேன். பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னேன்.

"அத்தை, உங்க பையனுக்கு ஒரு குறையும் இல்லீங்க. குறை எனக்குத்தான். கல்யாணம் ஆனதுல இருந்து எங்களுக்குள்ள சேர முடியல. பயத்துல என் உடம்பு விடல. அதுக்குத்தான் வைத்தியம் பாத்தோம். உங்க கூட டாக்டர்கிட்ட வர நான் பயந்தேன்னு, எனக்காக அவரு பொய் சொன்னாருங்க."

அத்தையின் கை நின்றது. பிறகு மறுபடி உரித்தார்.

"இப்படிச் சொல்லச் சொல்லி உனக்கு ஆரு சொல்லிக் குடுத்தா?"

"ஆருமில்லீங்கத்தை. நெசமுங்க."

"கட்டுனவன் தலை குனியக் கூடாதுன்னு நீ உன்ற மேல அள்ளிப் போட்டுக்கறே. எனக்குத் தெரியாதா கண்ணு? அன்னைக்குக் கோயில்ல அவன் தட்டப் புடிச்சு நின்னப்ப உன்ற மூஞ்சியப் பாத்தேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேண்டாஞ்சாமி. அவனுக்கு எதுனால ஆச்சுன்னு எனக்குத் தெரியும்."

"அத்தை..."

"ஆறாவது படிக்கறப்ப பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. ரெண்டு தாடையும் பானையாட்ட வீங்கிப் போச்சு. அவிங்கப்பன் டவுனுக்குக் கூட்டிட்டுப் போலாம்னாரு. கரும்பு வெட்டு நடந்துட்டிருந்துச்சு, ஆளுகளுக்குச் சோறாக்கோணும். நாந்தான், பத்துப் போட்டாப் போதும்னு படுக்க வெச்சுட்டேன். பசங்களுக்கு அது வந்தா அப்பறம் கொழந்த தங்காதுன்னு இந்த வருசந்தான் ஒருத்தி சொன்னா." கடலைத் தோல் அவர் மடியில் குவிந்துகொண்டே இருந்தது. "என்ற தப்பு கண்ணு. உன்றதும் இல்ல, அவன்றதும் இல்ல."

காலை நீட்டினார். பாதம் முழுக்க வெடிப்பு, சில இடங்களில் ரத்தம் காய்ந்து.

"ஆடியில இருந்து செருப்புப் போடறதில்ல. மாரியாத்தாகிட்டச் சொல்லியிருக்கறேன். அவன் மடியில ஒண்ணு உக்கார்ற வரைக்கும்."

நான் மறுபடி சொன்னேன். வைத்தியத்தின் பெயரைச் சொன்னேன். பெனிட்டாவைப் பற்றி, சந்தகை அச்சுப் பெட்டியில் என்ன இருந்தது என்பதைக்கூடச் சொன்னேன். அத்தை தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார், குழந்தை சொல்வதைக் கேட்பது போல. பிறகு உரித்த பருப்பு ஒன்றை எடுத்து என் வாயில் வைத்தார்.

"போதும். சாப்புடு."

பச்சைக் கடலை. பால் வாசம். மென்றேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

காலையில் அவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அம்மா செருப்புப் போடறதில்லையா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆடியில இருந்து."

"ஆடிப் பதினெட்டுக்கு அந்த ரோட்டுல..."

"ஆமா. நான் பாத்தேன். கேக்கல."

போனை எடுத்து அத்தையைக் கூப்பிட்டார். உள்ளே போய்ப் பேசினார். அம்மா, நான் சொன்னது பொய், சுபா சொன்னதுதான் நிஜம், செருப்பைப் போடு என்று திரும்பத் திரும்பச் சொல்வது கேட்டது. பிறகு நீண்ட நேரம் "ம்", "ம்" மட்டும். வெளியே வந்து போனை மேசையில் வைத்தார்.

"என்ன சொன்னாங்க?"

"பொண்டாட்டியும் புருசனும் இவ்வளவு ஒத்துமையா இருக்கீங்க, அதுவே போதும் கண்ணுங்கறாங்க."

தரையிலேயே உட்கார்ந்தார். முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.

மத்தியானம் எலுமிச்சையை அறுத்து, தோலில் உப்பைத் தொட்டு, அவர் எதிரே உட்கார்ந்து கையை வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு நகமாகத் தேய்த்தேன். நீலம் வழக்கம்போலப் போகவில்லை. அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

"போதும்னு சொன்னா நிறுத்திருவேன்" என்றேன்.

சொல்லவில்லை.

அடுத்த கையை எடுத்தேன். "மாமா."

"ம்."

"லீவு விட்டாச்சு."

நகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எத்தனை நாளைக்கு?"

"மழை நிக்கற வரைக்கும்."

ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். நானும் பார்த்தேன். மொட்டை மாடிகளில் எல்லார் வீட்டுத் துணியும் காய்ந்துகொண்டிருந்தது. கண் கூசும் வெயில்.